முத்துலட்சுமி அம்மையாரின் மூன்று குறிக்கோள்கள்

வாழ்வில் குறிக்கோள் வேண்டும் என்று மேடைதோறும் சொல்லி வருகிறோம். அக்குறிக்கோள் ஒருவர் உள்ளத்தில் எங்கிருந்து பிறக்கிறது என்பதை ஆராய்ந்து சொல்பவர் சிலரே. கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் என் போன்றோர் முதலாண்டு மாணவியர்க்குத் தரும் கட்டுரைத் தலைப்புகளுள் 'என் வாழ்க்கைக் குறிக்கோள்' என்பதும் ஒன்று. மருத்துவர் ஆவேன், மாவட்ட ஆட்சியர் ஆவேன், நாட்டுக்கு உழைப்பேன் என்றே பெரும்பாலான விடைகள் அமையும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி வேறு விதமாக எழுதினாள். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட இருக்கும் தன் தங்கையை எப்பாடுபட்டேனும் கல்லூரி வாயில்வரை கொண்டுவந்து சேர்ப்பதே தன் குறிக்கோள் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். தலைப்பை விட்டு விலகிவிட்டாள் என்று கருதிய நான், அது குடும்பக் கடமையே அன்றி வாழ்க்கைக் குறிக்கோள் ஆகாது என்று விளிம்பில் சிவப்பு மையால் குறித்துக் குறைந்த மதிப்பெண் இட்டேன்.

அவ்வாண்டுக் கோடை விடுமுறையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் வரலாற்றை முறையாகப் படிக்கும் வாய்ப்பு நேர்ந்தது. அவரைப் பற்றிப் பொதுவாக நாம் அறிந்தவை பட்டங்களும் பதவிகளுமே. சட்டசபையில் அமர்ந்த பெண்மணி, அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டவர் என்ற அளவில் நம் அறிவு நின்றுவிடுகிறது. வரலாற்றை ஊன்றிப் படிக்கும்போது, அவர் செய்த பெருஞ்செயல் ஒவ்வொன்றின் பின்னும் அவர் நேரில் கண்ட ஒரு முகம் இருப்பது புலனாகின்றது. ஒரு தாயின் முகம். ஒரு தங்கையின் முகம். கதவைத் தட்டிய சில சிறுமியரின் முகம். நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, நான் தவறாக மதிப்பிட்ட அவ்விடைத்தாள்தான் முதலில் நினைவுக்கு வந்தது. எனவே அவ்வம்மையாரின் வாழ்வை இக்கோணத்தில் எழுதத் துணிந்தேன்.

திரைக்குப் பின் ஓர் இருக்கை

முத்துலட்சுமி 1886 ஆம் ஆண்டு ஜூலை 30 ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர். புதுக்கோட்டை மகாராசா கல்லூரியின் முதல்வராக விளங்கியவர். தாய் சந்திரம்மாள் இசையும் நடனமும் மரபாகப் போற்றி வந்த தேவதாசிக் குலத்தில் தோன்றியவர். இக்குலக் கலப்பை அக்காலச் சமுதாயம் மன்னிக்கவில்லை. தந்தை தம் சுற்றத்தாரால் ஒதுக்கப்பட்டார். குழந்தைகளோ தம் பிறப்பைப் பற்றிய முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டே வளர வேண்டியிருந்தது.

பெண் பருவமெய்தினால் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவது அன்றைய வழக்கம். முத்துலட்சுமிக்கும் பள்ளி வாயில் அடைபட்டது. ஆனால் புத்தகம் மூடப்படவில்லை. தந்தையே வீட்டில் ஆசிரியரானார். தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் தேர்வு எழுதி மகள் வெற்றி பெற்றார். தாய்க்கோ மகளின் திருமணம் பற்றிய கவலையே பெரிதாக இருந்தது. மணம் என்ற மதிப்பு மறுக்கப்பட்ட குலத்தில் பிறந்த ஒரு தாய்க்கு, மகளின் கழுத்தில் ஊரறிய ஒரு தாலி ஏற வேண்டும் என்ற ஏக்கம் எத்துணை ஆழமாக இருந்திருக்கும் என்பதை நாம் உய்த்துணரலாம்.

ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராசா கல்லூரியில் இடம் கேட்டு முத்துலட்சுமி விண்ணப்பித்தபோது ஊரில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஒரு பெண் உடன் பயின்றால் மாணவர் ஒழுக்கம் கெடும் என்றனர். அப்பெண்ணின் தாய் இன்ன குலத்தினர் என்பதையும் காரணமாகக் காட்டினர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது இடம் அளித்தார். மூடுவண்டியில் கல்லூரிக்கு வந்து, மாணவர் பார்வை படாதவாறு கட்டிய திரைக்குப் பின் அமர்ந்து அவர் பாடம் கேட்டார்.

1907 ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரியில் அவருக்கு முன்பே, 1875 இல், மேரி ஷார்லீப் முதலிய நான்கு பெண்கள் சேர்ந்திருந்தனர். ஆகவே அவரை எல்லாவற்றிலும் முதல்வர் என்று சொல்லி மகிழ்வதைவிட, எத்தகைய நிலையிலிருந்து அவ்வாயிலுக்கு வந்தார் என்பதை எண்ணுவதே பொருத்தமாகும். பதக்கங்கள் பல பெற்று 1912 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் உள்ளுறை மருத்துவராகப் பணியேற்ற முதல் பெண்மணி என்ற பெருமை அவருக்கு உண்டு. 1914 இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமநிலையில் மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்றலாகாது என்ற உடன்பாட்டின் பேரிலேயே மணத்திற்கு இசைந்தார். இராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என இரு மைந்தர் பிறந்தனர்.

இதுவரை கண்டது ஒரு திறமையாளரின் முன்னேற்றம். இத்துடன் நின்றிருந்தால் நற்பெயர் பெற்ற ஒரு மருத்துவராக வாழ்ந்து மறைந்திருப்பார்; நாம் இன்று அவரைப் பற்றி எழுத நேர்ந்திராது.

தங்கையின் மரணம்

1923 ஆம் ஆண்டு அவருடைய தங்கை மறைந்தார். மலக்குடலில் தோன்றிய புற்றுநோய் முதலில் சீதபேதி என்றே கருதப்பட்டது. உண்மை தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. வீட்டிலேயே மருத்துவர், கணவரும் மருத்துவர். நகரிலோ புகழ்பெற்ற மருத்துவக் கல்லூரியும் பெரிய மருத்துவமனையும் இருந்தன. இவ்வளவும் இருந்தும் இளம்பெண் ஒருத்தியின் வேதனையைத் தணிக்க இயலாது கைகட்டி நிற்க நேர்ந்தது. தாம் கற்ற கல்வியின் எல்லையை அந்நோய்ப் படுக்கையின் அருகில்தான் அம்மையார் கண்டார்.

துயரம் எல்லோருக்கும் வருகிறது. சிலருக்கு அது நினைவாகத் தங்குகிறது; மிகச் சிலருக்கே வினாவாக மாறுகிறது. இந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை நம் நாட்டில் ஏன் இல்லை என்ற வினா அவரை விட்டு அகலவில்லை. 1925 இல் அரசின் உதவித்தொகை பெற்று, மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவத்தில் மேற்பயிற்சி பெற இலண்டன் சென்றார். அங்கிருந்த புற்றுநோய் மருத்துவமனையிலும் பயின்றார். தங்கையை இழந்து ஈராண்டுகளே ஆகியிருந்த நிலையில், அந்நோய்க்கென்றே அமைந்த கட்டிடமும் கருவியும் மருத்துவரும் ஓரிடத்தில் இருப்பதைக் கண்டபோது அவர் மனத்தில் ஒரு திட்டம் உருப்பெற்றிருக்க வேண்டும். அத்திட்டம் நிறைவேறுவதற்கு முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

தாயின் நினைவு

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை 1921 இல் கிடைத்தது. சட்டசபையில் இடம்பெறும் உரிமை 1926 இல் வாய்த்தது. அடையாற்றில் 1917 இல் தோன்றிய இந்திய மாதர் சங்கம் முத்துலட்சுமியின் பெயரை முன்மொழிந்தது. மருத்துவப் பணியை விட்டு விலக மனமின்றி முதலில் தயங்கிய அம்மையார், பின்னர் இசைந்தார். நியமன உறுப்பினராகச் சென்ற அவரைச் சபை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

அப்பதவியில் அவர் எடுத்துக்கொண்ட பணிகள் பல. பள்ளிக் குழந்தைகளுக்கு மருத்துவ ஆய்வு, பெண்களின் மணவயதை உயர்த்துதல், பரத்தமை விடுதிகளை ஒழித்தல் ஆகியன அவற்றுள் சில. ஆயினும் அவர் பெயரோடு என்றும் இணைந்து நிற்பது, சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்த போராட்டமே. 1927 நவம்பரில் அதற்கான தீர்மானத்தைச் சபையில் கொண்டுவந்தார். அவ்விடத்தில் அவர் அறிஞராக மட்டும் நின்று பேசவில்லை; சந்திரம்மாளின் மகளாகவும் நின்றார். தம் தாயின் குலத்தை மறைத்துக்கொண்டு வாழ்வது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். மருத்துவர் என்ற பட்டமும் மதிப்புமிக்க குடும்பமும் அதற்குப் போதுமான திரையாக இருந்திருக்கும். இளமையில் திரைக்குப் பின் அமர்ந்து படித்தவர், இம்முறை திரையை ஏற்கவில்லை.

இவ்வழக்கத்தின் வேர் சமய நம்பிக்கையில் மட்டும் இல்லை, நிலத்திலும் உள்ளது என்பதை அவர் கண்டுணர்ந்தார். கோயிற் பணிக்கு ஈடாகத் தரப்பட்ட மானிய நிலம் குடும்பத்தில் நிலைக்க வேண்டுமாயின், தலைமுறைதோறும் ஒரு பெண் பொட்டுக்கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. எனவே 1929 இல் இந்து அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் நிறைவேறச் செய்தார். அதன்படி, கோயிற் பணி செய்யாமலே அந்நிலத்தைத் துய்க்கும் உரிமை அப்பெண்களுக்குக் கிடைத்தது. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவை அடுத்துக் கொண்டுவந்தார். அது நிறைவேறும் முன்னரே, 1930 இல் காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். தம் வாழ்வின் பெருங்குறிக்கோள் ஒன்று பாதி வழியில் நிற்கும்போது, அதை எட்டுவதற்குரிய பதவியையே விட்டு விலகுவது எளிய செயலன்று.

எதிர்ப்பு இரு பக்கத்திலிருந்தும் வந்தது. பழமையும் கலையும் அழியும் என்று வாதிட்டவர்களுள் சத்தியமூர்த்தி போன்ற தேசியத் தலைவரும் இருந்தார். தேவதாசிப் பெண்களே சங்கம் அமைத்து அரசுக்கு மனு அளித்தனர். தம் குலத்தைப் பரத்தமையோடு ஒன்றாக்கிப் பேசுவது இழிவு, தமக்கு வேண்டியது கல்வியும் கலைப் பயிற்சியுமே என்பது அவர்கள் வாதத்தின் சாரம். மறுபுறம், அவ்வழக்கத்தின் கொடுமையைத் தம் வாழ்வில் நேரடியாகப் பட்டறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் ஒழிப்புப் போரில் முன்னணியில் நின்றனர்.

ஓர் ஆராய்ச்சி மாணவியாக நான் இருந்த நாளில், அம்மனுக்களைச் சுயநலம் என்று எளிதாக ஒதுக்கியதுண்டு. இன்று அவ்வாறு சொல்ல இயலவில்லை. சதிர் என்ற பெயரில் இகழப்பட்ட ஆடல், பரதநாட்டியம் என்ற பெயரில் பிற குலத்துப் பெண்கள் வழியாக மேடையேறிப் புகழ் பெற்றபோது, அக்கலையைக் காத்து வந்த குடும்பத்துப் பெண்கள் பலர் மேடையையும் வாழ்வு ஆதாரத்தையும் இழந்தனர். தி. பாலசரஸ்வதி போன்ற ஒருசிலரே அம்மரபின் பெயரால் உலகப் புகழ் எய்தினர். ஆயினும் தன் விருப்பம் இன்னதென்று சொல்லத் தெரியாத வயதில் ஒரு சிறுமியின் வாழ்வைப் பிறர் முடிவு செய்வது அநீதி என்ற அம்மையாரின் நிலைப்பாடு இவற்றால் தளர்ந்துவிடவில்லை. உயர்ந்த குறிக்கோளும் சிலருக்கு இழப்பைத் தரக்கூடும் என்பதையும், அவ்விழப்பை மறைக்காது எழுதுவதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை என்பதையும் இவ்விடத்தில் சுட்டுவது கடமை எனக் கருதுகிறேன்.

சட்டம் 1947 நவம்பரில், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது நிறைவேறியது. தீர்மானம் பிறந்து இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன. அப்போது அம்மையார் சட்டசபையில் இல்லை. அவருக்கு வயது அறுபத்தொன்று.

கதவைத் தட்டியவர்கள்

சட்டத்திற்காக வாதிடுவது ஒன்று. அச்சட்டத்தின் பயனாய் வீட்டை விட்டு வெளியேறும் பெண்ணுக்கு அன்றிரவு எங்கே படுக்கை என்று எண்ணுவது வேறொன்று. 1930 இல் பொட்டுக்கட்டும் வழக்கத்திற்குத் தப்பி வந்த சில சிறுமியர் அம்மையாரின் உதவியை நாடி வந்தனர். அன்றைய மாணவியர் விடுதிகள் சாதிவாரியாக நடத்தப்பட்டமையால் அவற்றில் இச்சிறுமியர்க்கு இடம் கிடைக்கவில்லை. அம்மையார் அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்.

அந்நிகழ்ச்சியிலிருந்து முளைத்ததே அவ்வை இல்லம். ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சாதி வேறுபாடின்றி உறைவிடமும் கல்வியும் தந்த அந்நிறுவனம், பின்னர் அடையாறு பெசன்ட் சாலையில் நிலைபெற்று வளர்ந்தது. தமிழாசிரியர் என்ற முறையில் அப்பெயரை எண்ணி எண்ணி மகிழ்கிறேன். மணவாழ்வையோ குலத்தையோ சார்ந்து நில்லாமல், தம் அறிவு ஒன்றாலேயே ஊரின் மதிப்பைப் பெற்ற மூதாட்டியாக நம் மரபு போற்றும் பெண் அவ்வை. குலம் கேட்டுக் கதவடைத்த உலகிலிருந்து வந்த சிறுமியர்க்கு இதனினும் தகுந்த பெயரை யார் சூட்டியிருக்க இயலும்?

முப்பத்தோராண்டுக் காத்திருப்பு

தங்கையின் நினைவு மட்டும் இன்னும் செயல் வடிவம் பெறாது இருந்தது. 1935 இல் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டிப் புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்ற கருத்தை வெளிப்படையாக எடுத்துரைத்தார். கேட்டவர்கள் பாராட்டினர், பொருள் சேரவில்லை. இடையில் உலகப் போர் வந்தது. 1949 இல் மாதர் சங்கத்தின் வழியாகப் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கி, நன்கொடை திரட்டத் தலைப்பட்டார். தீராத நோய்க்கு எதற்காக ஒரு மருத்துவமனை என்ற வினா அரசின் தரப்பிலிருந்தே எழுந்தது. பம்பாயில் 1941 இல் தொடங்கிய டாட்டா நினைவு மருத்துவமனையைத் தவிர, இந்நோய்க்கென்று தனி நிலையம் அப்போது நாட்டில் இல்லை.

1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் தன் பணியைத் தொடங்கியது. அந்நாளில் அம்மையாருக்கு அறுபத்தேழு வயது நிரம்பியிருந்தது. தங்கை மறைந்து முப்பத்தோராண்டுகள் ஆகியிருந்தன. தங்கை இறந்தபோது சிறுவனாக இருந்த இளைய மைந்தர் கிருஷ்ணமூர்த்தியே அந்நிலையத்தின் முதன்மை மருத்துவராக நின்றார். 1955 இல் வந்து சேர்ந்த இளம் மருத்துவர் சாந்தா, 2021 ஆம் ஆண்டு ஜனவரியில் மறையும் வரை அந்நிலையத்தையே தம் வாழ்வாகக் கொண்டிருந்தார். ஒருவரின் துயரத்திலிருந்து பிறந்த குறிக்கோள், அத்துயரத்தை நேரில் அறியாத மற்றொருவரின் வாழ்வுக்கும் பொருள் தந்தது. மெய்யான குறிக்கோள் இவ்வாறே கைமாறுகிறது.

1956 இல் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1968 ஜூலை 22 அன்று, எண்பத்திரண்டாம் பிறந்தநாளுக்கு எட்டு நாட்களே இருந்த நிலையில், இயற்கை எய்தினார். ஏழைத் தாய்மார்க்குத் தமிழக அரசு வழங்கிவரும் மகப்பேற்று நிதியுதவித் திட்டம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

நிறைவாக

அம்மையாரின் வாழ்வு நமக்கு உணர்த்துவன இரண்டு. முதலாவது, அவர் குறிக்கோளைத் தேடி அலையவில்லை. தம் வீட்டிலும் வாசலிலும் கண்ட வேதனையிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தார். தாய்க்கு நேர்ந்தது பிற தாய்மார்க்கும், தங்கைக்கு நேர்ந்தது பிற தங்கையர்க்கும் நேரலாகாது என்று அவர் எண்ணிய அந்நொடியில், குடும்பத் துயரம் பொதுப்பணியாக விரிந்தது. இரண்டாவது, அவர் காத்திருக்கக் கற்றிருந்தார். ஒன்றுக்கு இருபது ஆண்டுகள், மற்றொன்றுக்கு முப்பத்தோராண்டுகள். இடைப்பட்ட நாட்களில் சோர்ந்து அமராமல், கையில் இருந்த வேலையைச் செய்துகொண்டே இருந்தார்.

பத்தாண்டுக் காலம், வருவோர் பத்துப் பேராயினும் திங்கள்தோறும் கூடிக் கற்று வந்த நம் இலக்கிய வட்டத்தினர்க்கு இவ்விரண்டாம் பாடத்தை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வட்டம் மேலும் வளர வாழ்த்துகிறேன்.

முதற்பாடம்தான் எனக்கு வேண்டியிருந்தது. விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும் அம்மாணவியை அழைத்து, விளிம்பில் எழுதியதை அடித்துவிட்டு மதிப்பெண்ணைத் திருத்தித் தந்தேன். அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை, எனக்குப் பட்டது. இப்போதும் அத்தலைப்பை ஆண்டுதோறும் தருகிறேன். அக்குறிக்கோளை உங்களுக்குள் தோற்றுவித்தவர் யார் என்பதையும் சேர்த்து எழுதுமாறு அதன்கீழ் ஒரு வரி கூட்டியிருக்கிறேன். விடைத்தாள்களைத் திருத்தி முடிக்க முன்னைவிட அதிக நாட்கள் ஆகின்றன.